பத்துப் பிறை

ராபியா இன்னும் சொல்லவில்லை. அவள் சொன்னால்தான் நான் இறங்க வேண்டும். அதுவரை கறுப்புத் திரைக்குப் பின்னால் இந்த இரும்பு ஏணியின் மேல்படியில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், தும்மல் வந்தாலும் விழுங்கிக்கொள்ள வேண்டும். என் இடுப்பு பெல்ட்டிலிருந்து கிளம்பும் கயிறு கூரைக்குப் போய் இரண்டு கப்பிகளைச் சுற்றி, திரைக்கு அந்தப் பக்கம் மேடையின் நடுவில் இறங்குகிறது. அதன் நுனியில் நீளமாக ஒரு வெள்ளைத் துணி. கொஞ்ச நேரத்தில் அந்தத் துணியைச் சுற்றிக்கொண்டு மிருதுளா தொங்கி ஆடுவாள். நான் ஒரு படி இறங்கினால் அவள் அந்த அளவுக்கு உயர்வாள், நான் ஏறினால் அவள் தரைக்கு வருவாள். பார்க்கிறவர்களுக்கு அவள் தெரிவாள், நான் தெரியமாட்டேன். மோட்டார் வைத்தால் அதில் உயிர் இருக்காது, இன்னொரு உடம்பு இழுக்கும்போதுதான் மேலே போகிற உடம்புக்கு மூச்சு வரும் என்று ஒத்திகையின் முதல் நாள் எட்வின் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துச் சொன்னான். எட்வின் என் கணவன், இந்த நிகழ்ச்சியின் இயக்குநரும் அவன்தான். அந்த இன்னொரு உடம்பு யார் என்று அவன் சொல்லவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தது இப்போது நினைத்தால் வாயில் கசக்கிறது, சரியாக விழுங்காத மாத்திரை மாதிரி. எங்கள் இரண்டு பேர் எடையும் ஒன்றாக இருக்க வேண்டும், அதுதான் இதில் முக்கியம். வீட்டிலிருந்து எடை மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து எங்களை மாற்றி மாற்றி ஏற்றி இறக்கினான். ஐப்பசிக்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை, மிருதுளாவைவிட நான் குறைந்துவிட்டிருந்தேன். அதனால் ஒரு சின்ன மணல் பை. "முன்னால கட்டிக்க வடிவு, பின்னால கட்டினா முதுகு இழுக்கும்" என்றான், டீயில் சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்கிற குரலில். கட்டிக்கொண்டேன். இப்போதும் குனிந்தால் என் கால் தெரியவில்லை, பைதான் தெரிகிறது. எட்டாம் மாதத்தில் இப்படித்தான் கால் தெரியாமல் இருந்தது, செருப்பைக் காலாலேயே தேடி மாட்டுவேன். இதை நினைக்கக் கூடாது. ஏணியில் நிற்கும்போது ஏணியை நினைக்க வேண்டும். கயிற்றை பெல்ட்டில் மாட்டிய கொக்கி பூட்டியிருக்கிறதா. பூட்டியிருக்கிறது. கை தானாகப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போகிறது.

இப்போது மேடையில் ஏரிகள் செத்துக்கொண்டிருக்கின்றன. நிகழ்ச்சியின் பெயர் 'பனிக்குடம்'. சென்னையின் ஏரிகளைப் பற்றியது, தூர்ந்துபோன ஏரிகள் இந்த ஊரின் பனிக்குடங்கள் என்று எட்வின் விளக்கினான், நானும் நல்ல பெயர்தான் என்றேன், சொல்லும்போது ஒரு மாதிரி இருந்தது, ஆனால் ஒரு வார்த்தைக்கெல்லாம் ஆடிப்போகிறவளாக நான் இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். பறையும் செல்லோவும் ஒன்றையொன்று துரத்துவது கேட்கிறது. ஒருவன் பித்தளைக் குடங்களை மேலே எறிந்து எறிந்து பிடிக்கிறான், ஒவ்வொன்றும் கையில் விழும்போது மணி அடித்த மாதிரி ஒரு சத்தம். பொய்க்கால் கட்டிய இரண்டு பேர் அடுக்குமாடிக் கட்டடங்களாக நடந்து வந்து தண்ணீராக ஆடும் பெண்களை மிதிக்கிறார்கள். பின்னால் புரொஜெக்டரில் ஒரு ஓவியர் இப்போதே விரலால் வரைந்துகொண்டிருக்கும் படங்கள் விழுகின்றன. நாடகமும் அல்ல, நடனமும் அல்ல, சர்க்கஸும் அல்ல, இவை எல்லாம் சந்திக்கும் இடம் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. ஒரு காலத்தில் இந்த வாக்கியத்துக்காக நான் வேலையை விட்டேன். மாயவரத்திலிருந்து வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தவள், மாங்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய அரிசி குடோனில் 'ஊசல்' என்று குழுவுக்குப் பெயர் வைத்து ஏழெட்டுப் பேர் கூடியபோது முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். தொங்குவதற்கென்று தனியாகத் துணி விற்கிறார்கள் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. ஜன்னல் திரைத் துணியை முறுக்கி உத்திரத்தில் கட்டினோம். அது இரண்டாம் வாரமே கிழிந்து நான் உமி மூட்டை மேல் விழுந்தேன், எழுந்து சிரித்தபோது வாயெல்லாம் உமி. எட்வின் என்னைத் தூக்கிவிடாமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு அதைக் காதல் என்று நினைத்தேன். காதலாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அவன் விழுகிறவளைத் தூக்குவதற்கு முன்னால் பார்க்கிறவன், அன்றைக்கே பார்த்துக்கொண்டுதான் இருந்தான், அதை நான் எனக்கு வேண்டிய மாதிரி படித்துக்கொண்டேன்.

அந்த வருஷங்களில் என் கயிற்றை அவன்தான் பிடிப்பான். நான் மேலே சுற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்குவேன், ரத்தமெல்லாம் முகத்துக்கு வரும், கீழே அவனுடைய உள்ளங்கைகள் கயிற்றை இழுப்பது என் இடுப்பில் தெரியும். பேச வேண்டியதே இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் அப்படி. பிறகு இனிமேல் குழந்தை இல்லை என்று டாக்டரும் என் அம்மாவும் நாங்களும் விட்டுவிட்ட நேரத்தில் எனக்குக் கரு தங்கியது. துணியை விட்டு இறங்கினேன். மிருதுளா வந்தாள். வெளிநாட்டில் சர்க்கஸ் பள்ளியில் படித்துவிட்டு வந்த பெண், கணுக்கால் மட்டும் சுற்றிக்கொண்டு முழு உடம்பையும் விட்டுவிடுவாள், நான் ஒருநாளும் அவ்வளவு துணிந்ததில்லை. நல்ல பெண். அதுதான் கஷ்டம். கெட்டவளாக இருந்தால் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். என் தோளை அமுக்கிவிடுவாள், அக்கா அக்கா என்பாள், அக்கா திரும்பி வந்ததும் இடத்தைத் தந்துவிடுகிறேன் என்று அவளாகவே எட்வினிடம் சொன்னாள். நான்தான் ஏறிப் பார்த்தேன். குழந்தை போய் மூன்றாவது வாரம், யாரும் வருவதற்கு முன்னால் குடோனுக்குப் போய் அந்த வெள்ளைத் துணியில் ஏறினேன். கை மறக்கவில்லை. பாதி உயரம் வந்து துணியை நெஞ்சோடு சேர்த்துக் கட்டி இறுக்கியபோது பால் வந்துவிட்டது. யாருக்கும் வேண்டாத பால், மாத்திரை போட்டும் நிற்காத பால், பனியனை நனைத்து துணியில் இறங்கி ஒரு கோடாகக் கீழே ஓடியது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. வாசலில் எட்வின் நின்றான். எப்போது வந்தான் என்று தெரியாது. பிறகு ஓடி வந்தான், இறக்கினான், துண்டைப் போர்த்தினான், எல்லாம் செய்தான். அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றான் என்பதுதான் தெரியவில்லை. அன்றைக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை. உயரத்தைப் பார்த்து இல்லை, என் உடம்பு என்னைக் கேட்காமல் எதையாவது செய்துவிடும் என்கிற பயம்.

"வடிவக்கா, ரெடியா இருங்க" என்றாள் ராபியா, என் காதில் செருகியிருந்த இயர்போனுக்குள். அவள்தான் மேடை நிர்வாகம், எதிர்ப்பக்கத்தில் சின்ன விளக்கோடு உட்கார்ந்திருக்கிறாள், எல்லோரையும் விரட்டுகிறவள் இன்றைக்கு என்னிடம் மட்டும் மெதுவாகப் பேசுகிறாள். காலையிலிருந்தே எல்லோரும் அப்படித்தான். குடம் எறிகிறவன் நான் கேட்காமல் டீ கொண்டுவந்து தந்தான். ஓவியர் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு விட்டார். முதல் காட்சிப் பதற்றம், எல்லோருக்கும் அன்பு பொங்குகிறது என்று நினைத்தேன். பறை நின்றது. செல்லோ மட்டும் ஒரே சுரத்தில் இழுக்கிறது. "மிருதுளா துணியைப் பிடிச்சாச்சு. எறங்குங்க அக்கா, மெதுவா." கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தேன். அவளுடைய எடை என் இடுப்புக்கு வந்தது, மணல் பை வயிற்றில் அழுந்தியது. ஒரு படி. இன்னொரு படி. திரைத் துணியின் நெசவு வழியாகக் கொஞ்சம் தெரியும், நிழலாக அவள் மேலே போகிறாள், துணி அவளுக்குக் கீழே நீளமாக விழுகிறது, அதன் மேல் ஓவியர் ஒரு வெள்ளைக் கோட்டை இறக்குகிறார், மெல்லிசாக ஆரம்பித்து வளைந்து வளைந்து கீழே வருகிற கோடு. ஒத்திகையில் அது என்ன என்று கேட்டேன். அருவி என்றார், சொல்லிவிட்டு எட்வினைப் பார்த்தார். அப்புறம் குரல் வந்தது. இந்த இடத்தில் ஒரு குரல் வரும் என்பது தெரியும், ஸ்டுடியோவில் இன்னும் வேலை முடியவில்லை என்று ஒத்திகையில் வெறும் செல்லோவை வைத்தே ஓட்டினார்கள். மிருதுளாவின் குரல்தான், பதிவு செய்தது, அரங்கத்தின் எல்லா மூலையிலிருந்தும் காதுக்குப் பக்கத்தில் பேசுகிற மாதிரி வருகிறது. "மகளே, நீ அழவில்லை. அந்த அறை முழுவதும் உன் அழுகைக்காகக் காத்திருந்தது."

ஏரி எங்கேயாவது அழுமா என்று நினைத்தேன். ஒரு கணம் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன், ஏரிக்கு எதற்கு அறை என்று. பிறகு கால் ஒரு படியில் நின்றுவிட்டது. நான் மகளே என்று சொல்லவில்லை. யாராவது வீட்டில் மகளே என்று சொல்வார்களா. பாப்பா என்றுதான் சொன்னேன். எல்லாரும் சும்மா நின்னாங்க எட்வின், டாக்டரம்மா, நர்சு, எல்லாரும், ஏன் இப்படிச் சும்மா நிக்கிறாங்கன்னு எனக்குக் கோவமா வந்துச்சு, அப்படிச் சொன்னேன், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பகலெல்லாம் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கிடந்தபோது சொன்னேன், அவன் பக்கத்தில் படுத்திருந்தான், என் கை மேல் அவன் கை இருந்தது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். அவனைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட. அவன் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டான். எவ்வளவு நல்லவன் என்று நினைத்தேன். "அக்கா, எறங்கணும்" என்கிறாள் ராபியா. குரல் போய்க்கொண்டே இருக்கிறது. "உன் விரல்களில் பத்துப் பிறைகள் இருந்தன. எந்த வானத்திலும் உதிக்காத பத்துப் பிறைகள்." பிறை. நகத்தைப் பிறை ஆக்கியிருக்கிறான். பாப்பாவுக்கு நகம் இருந்துச்சு எட்வின், பத்து விரல்லயும், விரலைத் தாண்டி வளந்திருந்துச்சு, கன்னத்துல ஒரு கீறல்கூட இருந்துச்சு, உள்ளேயே கீறிக்கிச்சு போல, யாரு அதை வெட்டிவிடுவா. இதுதான் நான் சொன்னது. அந்தக் கீறலை எங்கே காணோம். யாரு வெட்டிவிடுவா என்பதை எங்கே காணோம். கீறல் நன்றாக இருக்காது என்று விட்டுவிட்டான். அவன் அவளைப் பார்க்கவேயில்லை. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, பாக்குறீங்களா சார் என்று கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டான், என் தம்பிதான் கை நீட்டி வாங்கிக்கொண்டு போனான். நான் சொன்ன நகத்தைத் தவிர அவனிடம் அவளுடையது என்று ஒன்றுமே கிடையாது. அதையும் தொலைத்துவிட்டுப் பிறை வைத்திருக்கிறான். "என் மார்பில் ஒரு நதி, அதற்குக் கடல் இல்லை" என்கிறது குரல், வெள்ளைக் கோடு துணியில் இறங்கிக்கொண்டிருக்கிறது, அது அருவி இல்லை. வாசலில் நின்று எவ்வளவு நேரம் பார்த்தான் என்பது இப்போது தெரிந்துவிட்டது. கோடு எங்கே வளைந்தது என்பது வரை பார்த்திருக்கிறான்.

"அக்கா, கேக்குதா? பாதியில நிக்கிறா. கணுக்காலை மட்டும்தான் சுத்தியிருக்கா. ரொம்ப நேரம் தாங்காது அக்கா." கேட்டது. எல்லாமே கேட்டது. அரங்கத்தில் ஒரு இருமல் கேட்டது. என் கை கொக்கியில் இருந்தது. சரிபார்க்கப் போன கைதான், எப்போதும் போகிற மாதிரி போனதுதான், ஆனால் திரும்பி வரவில்லை. கட்டைவிரலால் தள்ளினால் திறக்கும். திறந்தால் கயிறு மேலே ஓடும், இந்தக் குரல் நின்றுவிடும், விளக்கெல்லாம் போட்டுவிடுவார்கள். அந்தப் பெண்ணின் மண்டை உடையும் என்பது அதற்கு அடுத்துத்தான் தோன்றியது. எது முதலில் தோன்றியது என்பதை நான் கவனித்தேன். நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று உடனே சொல்லிக்கொண்டேன், யாரும் கேட்காதபோது ஏன் சொல்லிக்கொள்ள வேண்டும். கயிற்றில் ஒரு அதிர்வு வந்தது, மிக லேசாக, மேலே அவளுடைய கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது, எனக்கு அந்த நடுக்கம் தெரியும், முட்டிக்குப் பின்னால் ஆரம்பித்துத் தொடை வரைக்கும் வரும். காதில் ராபியா அழுகிற மாதிரி கூப்பிடுகிறாள். என் கால் அடுத்த படிக்கு இறங்கியது. இரக்கப்பட்டு இறங்கினேன் என்று சொல்லமாட்டேன். இத்தனை வருஷம் கயிற்றில் இருந்த கால், அது பாட்டுக்கு இறங்கியது. அந்த ஒரு தடவை என் உடம்பு என்னைக் கேட்காமல் செய்ததற்கு நான் கடன்பட்டிருக்கிறேன். கடைசிப் படி வரை போனேன். மேலே அவள் துணியை விரித்துச் சுழன்றிருப்பாள், கைதட்டல் கேட்டது. மறுபடி ஏற வேண்டும், அவளைத் தரைக்குக் கொண்டுவர வேண்டும். மணல் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். குரல் முடிந்துவிட்டிருந்தது. வாயில் உப்புக் கரித்தது, அப்போதுதான் கன்னம் நனைந்திருப்பது தெரிந்தது.

மிருதுளா காலில் சுற்றிய துணியை அவிழ்த்துவிட்டு நேராகத் திரைக்குப் பின்னால் வந்தாள். நான் ஏணியிலிருந்து இறங்கி உட்கார்ந்திருந்தேன். மேடையில் கடைசிப் பாட்டு போய்க்கொண்டிருந்தது, எல்லோரும் சேர்ந்து பாடுவது. அவள் கணுக்காலில் துணி இறுகிய தடம் சிவந்திருந்தது. என்னைக் கட்டிக்கொண்டாள், வேர்வையும் சந்தனப் பவுடரும் கலந்த வாசனை. "நடுவுல நிறுத்திட்டீங்களா, நான் பயந்தே போயிட்டேன்க்கா. அப்புறம்தான் புரிஞ்சுது. அந்த வரிக்காக நிறுத்தினீங்க இல்ல?" என்றாள். நான் அவள் கணுக்காலின் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஸ்டுடியோல அதைப் படிக்கிறப்ப என்னால முடியலக்கா. எட்வின்கிட்ட கேட்டேன், அக்காவுக்கு இது ஓகேவான்னு. வடிவு முழுசாப் படிச்சாச்சு, அவதான் பண்ணச் சொன்னான்னாரு." "எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னாரா?" என்று கேட்டேன். "ஆமா. உங்ககிட்ட அதைப் பத்திப் பேச வேணாம், நீங்களா பேசினா பேசுங்கன்னாரு." சொல்லிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கட்டியிருந்த கையை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தாள். "அக்கா" என்றாள். டீ கொடுத்த கை, பிடித்துவிட்டு விட்ட கை, ராபியாவின் மெதுவான குரல். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குப் பின்னால் எனக்காக எல்லோரும் வருத்தப்பட்டு முடித்திருக்கிறார்கள். நான்தான் கடைசி. கொக்கியில் என் விரல் இருந்ததை இந்தப் பெண்ணிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் அவள் இனி எந்தக் கயிற்றையும் நம்பமாட்டாள். சொல்லவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள், பார்த்தவர்கள் கேள்வி கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சி, யாருக்கும் அவசரம் இல்லை. நான் திரையின் ஓரத்தில் நின்றேன், பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. ஒருவர் ஏரிகளின் எண்ணிக்கை கேட்டார், ஒருவர் பறையையும் செல்லோவையும் ஏன் சேர்த்தீர்கள் என்றார். மூன்றாவது வரிசையில் நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஒரு அம்மாள் எழுந்தார், கல்லூரியில் சொல்லிக்கொடுப்பவராக இருக்க வேண்டும். "அந்தக் குழந்தையைப் பத்தின இடம். ஒரு ஆணால எப்படி அதை எழுத முடிஞ்சுதுன்னு எனக்குத் தெரியணும்." எட்வின் தலையைக் குனிந்துகொண்டான், மைக்கை நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். அவனை எனக்குத் தெரியும், அந்தக் குனிதல் பொய் இல்லை, ஆனால் எவ்வளவு நேரம் குனிய வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். "பார்த்ததைத்தான் எழுதினேன்" என்றான். பிறகு நிமிர்ந்து, "இந்த மேடையில உங்க கண்ணுக்குத் தெரியாம ஒருத்தங்க இருந்தாங்க, மிருதுளாவை அந்த உயரத்துல பிடிச்சுக்கிட்டு இருந்தது அவங்கதான்" என்று சொல்லி என் பெயரைச் சொல்லிக் கை நீட்டினான். ராபியா என் முதுகில் கை வைத்தாள். தள்ளினாளா தடுத்தாளா என்று தெரியவில்லை. நான் வெளிச்சத்துக்குள் போனேன்.

எவ்வளவோ நாள் கழித்து அந்தச் சூடு முகத்தில் பட்டது. மணல் பை வயிற்றில் தொங்கியது. யாரோ மைக் கொடுத்தார்கள், வாங்கவில்லை. "அவர் பாக்கலை" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "நான்தான் பாத்தேன். பிறை எல்லாம் இல்லை. நகம். பாப்பாவுக்கு நகம் வளந்திருந்துச்சு. கன்னத்துல கீறியிருந்துச்சு. அதை யாரு வெட்டிவிடுவாங்கன்னு நான் கேட்டேன். இவர்கிட்டதான் கேட்டேன்." அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. எட்வின் நாற்காலியில் அசையாமல் இருந்தான். மேலே மின்விசிறி சுற்றுவது கேட்டது. நான் சொன்னது அவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, இனி யாராவது எழுந்து இவனிடம் ஏதாவது கேட்பார்கள், கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று காத்திருந்தேன். அந்த நரைத்த முடி அம்மாள்தான் முதலில் எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கை தட்டினார். பிறகு அவர் பக்கத்தில் இருந்தவர், பிறகு வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்தார்கள். நிகழ்ச்சிக்குக் கிடைத்ததைவிட நீளமான கைதட்டல். பின்வரிசையில் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கேள்வி நேரத்தையும் நிகழ்ச்சியாக்கிவிட்டார்கள் பார், என்ன துணிச்சல், என்று அவர்கள் வெளியே போகும்போது பேசிக்கொள்வார்கள். நான் எதைச் சொன்னாலும், இங்கேயே விழுந்து புரண்டாலும், இந்த வெளிச்சத்துக்குள் நின்று சொன்னால் அது அவன் செய்ததாகிவிடும்.

எட்வின் பின்பக்க வராந்தாவில் என்னிடம் வந்தான், நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த இடத்தில். நான் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "உன்கிட்ட கேட்டிருந்தா நீ வேணாம்னு சொல்லியிருப்ப" என்றான். "ஆமா" என்றேன். "அதான் கேக்கலை." ஒளித்துப் பேசவில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். "எல்லார்கிட்டயும் நான் படிச்சுட்டேன்னு சொல்லியிருக்க." "அது தப்புதான்." "அது மட்டும்தான் தப்பா?" அவன் சுவரைப் பார்த்தான். "அவ எனக்கும் பொண்ணுதான் வடிவு." குழந்தையை அவன் 'அவ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அவன் அழுத சத்தம் எனக்குத் தெரியும், தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். "நீ பாக்கவே இல்லையே" என்றேன். "பாக்கலை. பயந்துட்டேன். பாக்காததாலதான் எழுத வேண்டியிருந்துச்சு." அந்த இடத்தில் நான் கொஞ்சம் இளகினேன். அவன் தோளில் கை வைத்திருந்தால்கூட ஆச்சரியமில்லை, கை பாதி தூக்கியும்விட்டேன். அப்போது அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான், அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது, உமி மூட்டை மேல் கிடந்தபோது பார்த்தது. "நீ இப்ப சொன்னியே, மைக் வாங்காம. நாளைக்கும் அதையே சொல்றியா? அதே இடத்துல. யாரையாவது அந்தக் கேள்வியைக் கேக்க வச்சுடலாம். நடுவுல நிறுத்தின பாரு, கயித்துல, அதையும் வச்சுக்கலாம்." பெல்ட்டையும் பையையும் அவன் கையில் கொடுத்தேன். "நாளைக்கு நான் வரல" என்றேன். "யோசி" என்றான். "மிருதுளா எடைக்கு ஆள் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பின்னால் கூப்பிடவில்லை. திரும்பிப் பார்த்தால் பையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது தெரியும், பார்க்கவில்லை.

வெளியே வெயில் இன்னும் இருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் நிகழ்ச்சி பார்த்த இரண்டு பெண்கள் என்னைப் பார்த்து வழிவிட்டார்கள், ஒருத்தி கைகூப்பினாள். ஆட்டோவை நிறுத்தி ஏறினேன். அம்மா வீட்டுக்கா, தம்பி வீட்டுக்கா என்று முடிவு செய்யாமலே மவுண்ட் ரோடு போங்க என்றேன். காற்று பட்டதும் இடுப்பில் பெல்ட் இருந்த இடம் எரிந்தது. செய்துவிட்டேன், போய்க்கொண்டிருக்கிறேன், இனி அவன் என்னை எடுத்துக்கொள்ள முடியாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் பாக்கலை என்று சொன்ன பிறகு இன்னும் கொஞ்சம் நிறுத்தியிருக்கலாம். உடனே நான்தான் பாத்தேன் என்று ஓடிவிட்டேன், பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. பிறை இல்லை என்பதை முதலில் சொல்லியிருக்கக் கூடாது, நகத்தைச் சொல்லிவிட்டுத்தான் பிறைக்கு வர வேண்டும். இவர்கிட்டதான் கேட்டேன் என்கிற இடத்தில் அவன் பக்கம் திரும்பாமல் ஜனங்களைப் பார்த்தே சொன்னால் இன்னும். "என்னம்மா, என்ட்ட எதுனா சொன்னீங்களா?" ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார். என் வாய் அசைந்துகொண்டிருந்திருக்கிறது. "இல்லண்ணா. நேரா போங்க" என்றேன். உதட்டைக் கையால் மூடிக்கொண்டேன். கைக்கு உள்ளே வாய் அதையே மறுபடியும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தது, இந்தத் தடவை நிறுத்தம் சரியாக வந்தது.